ஏவலும் இயந்திரமும்

மலாக்கா மாநிலத்தின் தென்கிழக்குக் கோடியில், ஜோகூர் எல்லைக்கு அணித்தாக, ஜாசின் மாவட்டத்தில் அமைந்த சிற்றூர் சுங்கை ரம்பாய். ரப்பரும் செம்பனையும் தழைத்த அம்மாவட்டத்துத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்க்கு ஒவ்வொரு நாளும் ஓர் ஏவலோடுதான் தொடங்கியது. விடியுமுன்னரே பெரட்டுக் களத்தில் தொழிலாளர் வரிசையாக நிற்பர். துரை கிராணிக்குச் சொன்னதைக் கிராணி தண்டலுக்குச் சொல்வார்; தண்டல் அதனைத் தொழிலாளர்க்கு உரைப்பார். ஏவல் என்றும் மேலிருந்து கீழே வந்தது. கீழிருந்து மேலே சென்றதில்லை. தோட்டத்திற்கு வந்த தொலைபேசிக் கம்பியும் அலுவலக வாயிலோடு நின்றுவிட்டது. லயத்து வீடுகளை அது எட்டவில்லை.

இன்று அதே வட்டாரத்தின் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் ஒரு தட்டையான இரும்புப் பெட்டியைக் காணலாம். அதன் முகப்பில் வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு கம்பி. கம்பிக்கு மேலே கண்சிமிட்டும் பச்சை விளக்கு. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பிணையச் சுவிட்ச் என்பது அதுவே. அப்பெட்டிக்கும் ஏவல் உண்டு. வழக்கமான பணியிடத்தில் அதற்குத் திரையோ எலியோ இருப்பதில்லை. வேறொரு கணினியைக் கம்பியால் அதனோடு பிணைத்து, சொல் சொல்லாகத் தட்டெழுதித்தான் அதனை ஏவுதல் வேண்டும். இம்முறைக்குக் கட்டளை வரி என்று பெயர்.

இச்சொற்கள் எங்கிருந்து வந்தன? இவை ஏன் இத்துணைச் சுருக்கமாகவும் இத்துணைக் கண்டிப்பாகவும் அமைந்தன? இவ்வினாக்களுக்கு விடை காண முற்பட்டால், கம்பிவழிச் செய்தியின் நூற்றைம்பதாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றைத் திரும்பிப் பார்க்க வேண்டியுள்ளது. அவ்வரலாறு தமிழர் வாழ்ந்த கரைகளைத் தொட்டே செல்கிறது.

கடலடிக் கம்பி

1844ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள் சாமுவேல் மோர்ஸ் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குத் தந்தி அனுப்பிக் காட்டினார். அதற்குப் பின் கால் நூற்றாண்டுக்குள் தந்திக் கம்பி கடலடியிலும் இறங்கிற்று. பிரிட்டிஷ் இந்தியன் எக்ஸ்டென்ஷன் தந்திக் கழகம் 1870ஆம் ஆண்டின் இறுதியை ஒட்டிச் சென்னையையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் கடலடிக் கம்பியால் இணைத்தது. தமிழகத்துத் தொழிலாளர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பல நாள் அலைக்கழிந்து பினாங்கை அடைந்த அதே கடலின் அடியில், ஆட்சியாளரின் ஆணைகளும் வணிகரின் விலைச் செய்திகளும் சில மணி நேரத்தில் கடந்து சென்றன. கப்பலின் மேல் தளத்தில் ஏவப்படுவோர் சென்றனர். கடலின் அடியில் ஏவல் சென்றது.

மலாயாத் தீபகற்பத்தில் 1876ஆம் ஆண்டு கோலகங்சாருக்கும் தைப்பிங்கிற்கும் இடையே தந்திக் கம்பி போடப்பட்டது. பிரிட்டிஷ் அதிகாரிகளின் இருப்பிடங்களை இணைப்பதே அதன் முதல் நோக்கமாகும். 1891ஆம் ஆண்டு கோலாலம்பூரில் தொலைபேசி இணைப்பகம் அமைந்தது.

இணைப்பகம் என்னும் கருத்தே இன்றைய சுவிட்சின் மூலவித்து ஆகும். நூறு பேர் தமக்குள் பேச வேண்டுமாயின், ஒவ்வொருவர் வீட்டிலிருந்தும் மற்ற தொண்ணூற்றொன்பது வீடுகளுக்கும் கம்பி இழுத்தல் இயலாது. எல்லாக் கம்பிகளையும் ஓரிடத்திற்குக் கொணர்ந்து, வேண்டும்போது வேண்டிய இரண்டை இணைப்பதே முறையாகும். 1878ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் இத்தகைய வணிக இணைப்பகம் முதன்முதலில் தோன்றிற்று. அங்கே இணைப்பவர் மனிதர். அழைப்பவர் தம் விருப்பத்தை மனிதர்க்கு மனித மொழியிலேயே சொன்னார்.

மனிதர் இருந்த இடத்தில் இயந்திரத்தை அமர்த்தியவர் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பார். அவர் கான்சஸ் நகரத்தில் இறுதிச் சடங்குப் பணி செய்தவர். தமக்கு வரவேண்டிய அழைப்புகளை இணைப்பகத்துப் பெண்மணி போட்டியாளர்க்குத் திருப்பிவிடுகிறார் என்ற ஐயமே அவரை இவ்வாராய்ச்சியில் ஈடுபடுத்திற்று என்று கூறுவர். அவருடைய தானியங்கி இணைப்பிக்கு 1891ஆம் ஆண்டு காப்புரிமை கிடைத்தது. 1892ஆம் ஆண்டு நவம்பரில் இந்தியானா மாநிலத்து லா போர்ட் நகரில் அது செயற்படத் தொடங்கியது. மனிதர் இடையில் நில்லாமல், அழைப்பவரே இயந்திரத்தை ஏவும் காலம் அன்று பிறந்தது. மலாயாவில் 1946ஆம் ஆண்டு தொலைத்தொடர்பு இலாகா தனியே அமைக்கப்பட்டது. 1962ஆம் ஆண்டு கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு, இணைப்பாளரின் துணையின்றி, சந்தாதாரரே எண்ணைச் சுழற்றிப் பேசும் வசதி ஏற்பட்டது.

எனினும் எண்ணைச் சுழற்றுதல் வேறு, இணைப்பகத்தையே மாற்றியமைத்தல் வேறு. பழைய இணைப்பகத்தில் ஒரு மாற்றம் வேண்டுமாயின் தொழில்நுட்பர் கம்பியை அறுத்து வேறிடத்தில் பற்றவைப்பார். 1965ஆம் ஆண்டு மே மாதம் நியூ ஜெர்சி மாநிலத்துச் சக்கசன்னாவில் பெல் நிறுவனம் திறந்த மின்னணு இணைப்பகம் இந்நிலையை மாற்றிற்று. அது தன் நினைவகத்திற் பதிந்த நிரலின்படி இயங்கியது. எனவே அதனை மாற்றப் பற்றவைப்புக் கோல் வேண்டியதில்லை. தட்டெழுதும் சொல்லே போதும். காலப்போக்கில் பன்னாட்டுத் தந்தி தொலைபேசி ஆலோசனைக் குழு, இணைப்பகங்களை ஏவுவதற்கென்றே மனித இயந்திர மொழி என்னும் பெயரில் ஒரு மொழிக்கு விதி வகுத்தது. கம்பியின் வேலையைச் சொல் ஏற்றுக்கொண்ட இடம் இதுவேயாகும்.

சுருக்கத்தின் காரணம்

கட்டளை வரியின் சொற்கள் சுருங்கியிருப்பதற்குப் புலமைச் செருக்கன்று காரணம். ஒரு பழைய இயந்திரத்தின் மெத்தனமே காரணம். 1963ஆம் ஆண்டு டெலிடைப் நிறுவனம் வெளியிட்ட 33ஆம் வகைத் தட்டச்சுப்பொறி நெடுங்காலம் கணினியோடு பேசும் கருவியாக விளங்கிற்று. அது நொடிக்குப் பத்து எழுத்துகளையே தாளில் அச்சிடும். ஒரு சொல்லில் ஐந்தெழுத்து மிகுந்தால் அரை நொடி வீண். ஆகவே கணினியாளர் சொல்லைக் கிள்ளிக் கிள்ளி வழங்கப் பழகினர். 1969ஆம் ஆண்டு பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸ் முறைமையின் கட்டளைகளுட் பல இரண்டெழுத்தில் நிற்பது இதனாலேயாம்.

ஆஸ்கி எனப்படும் எழுத்துக் குறியீட்டு முறை 1963இல் வெளிவந்தது. அதில் இருந்தவை 128 இடங்கள். உரோமன் எழுத்தும் எண்ணும் குறிகளும் அவ்விடங்களை நிரப்பிக்கொண்டன. பிற மொழிகளின் எழுத்துக்கு அங்கே இடமில்லை. இயந்திரத்தை ஏவும் சொற்கள் ஆங்கிலமாக நின்றுவிட்டமைக்கு அம்மொழியின் தனிச்சிறப்பு காரணமன்று. அவ்விடத்தில் அவ்வேளையில் அவ்வியந்திரம் பிறந்தமையே காரணமாகும்.

தட்டச்சுப்பொறி மறைந்த பின்னும் அதன் பெயர் மறையவில்லை. இன்றைய சுவிட்சுக்குத் தொலைவிலிருந்து நுழையும் வாயில்களை அதன் கட்டளை மொழி 'விடிஒய்' என்று குறிக்கும். மெய்ந்நிகர் டெலிடைப் என்பதன் சுருக்கமே அது. பெட்டியோடு நேரே பேசும் வேகத்தை இன்றும் 9600 பாட் என்று அளப்பர். பாட் என்னும் அளவு, 1874ஆம் ஆண்டு தந்திக் குறியீட்டிற்குக் காப்புரிமை பெற்ற பிரெஞ்சுக்காரர் எமில் போடோவின் பெயரால் வந்தது. ஊர்ப்பெயரில் பழைய குடிகளின் நினைவு தங்கியிருப்பதுபோல், இக்கட்டளைகளிலும் தந்திக் காலத்தின் நினைவு தங்கியுள்ளது.

கற்பனை என்னும் நிறுவனம்

கணினிகள் பெருகியபோது அவற்றை ஒரே கட்டடத்துக்குள் இணைக்கும் வழி தேவைப்பட்டது. கலிபோர்னியாவின் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் பணியாற்றிய இராபர்ட் மெட்காஃப் 1973ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் எழுதிய குறிப்பொன்றில் ஈதர்நெட் என்னும் முறையை விளக்கினார். டேவிட் பாக்ஸ் அவரோடு சேர்ந்து அதனைச் செய்து காட்டினார். எல்லாக் கணினிகளும் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொள்ளும். ஒரு நேரத்தில் ஒன்றே பேசலாம். இரண்டு ஒருங்கே பேசினால் செய்திகள் மோதிச் சிதையும். பிறகு இரண்டும் சற்றே காத்திருந்து மீண்டும் பேசும். கட்டுப்பாடில்லாத வகுப்பறையில் நாற்பது மாணவரும் ஒருசேர விடை கூறும் நிலையோடு இதனை ஒப்பிடலாம். மாணவர் பெருகப் பெருக ஒருவர் சொல்லும் விளங்காது போகும்.

இவ்விடரைத் தீர்த்த கருவியே சுவிட்ச். 1990ஆம் ஆண்டு ஏழு துளைகளோடு வெளிவந்த ஈதர்சுவிட்ச் என்னும் பெட்டி, இவ்வகையில் முதலாவது எனப் போற்றப்படுகிறது. அதனை ஆக்கிய நிறுவனத்தின் பெயர் கல்பனா. இந்திய வழியினரான வினோத் பரத்வாஜ் தம் துணைவியார் கல்பனாவின் பெயரையே நிறுவனத்துக்குச் சூட்டினார். தமிழில் நாம் கற்பனை என்று வழங்கும் அதே சொல் அது.

ஈதர்சுவிட்ச் செய்த வேலை எளியது. தன்னிடம் வரும் ஒவ்வொரு செய்தியிலும் அனுப்பியவரின் முகவரியைப் பார்க்கும். இன்ன முகவரி இன்ன துளையில் உள்ளது என்று பட்டியலிற் குறித்துக்கொள்ளும். பின்னர் அம்முகவரிக்கு வரும் செய்தியை அத்துளைக்கு மட்டுமே அனுப்பும். பெறுநர் இருக்குமிடம் தெரியாவிடின் எல்லாத் துளைகளுக்கும் அனுப்பிப் பார்க்கும். புதிதாக ஊருக்கு வந்த அஞ்சற்காரர் விசாரித்து விசாரித்து வீடுகளை அறிந்துகொள்வது போன்றது இது.

சுவிட்சுகளைப் பலவாக இணைக்கும்போது வேறோர் இடர் தோன்றும். கம்பிகள் வட்டமாக அமைந்துவிட்டால் ஒரு செய்தி முடிவின்றிச் சுற்றிச் சுற்றிப் பெருகிப் பிணையத்தையே முடக்கிவிடும். வட்டத்தைத் தானே கண்டறிந்து துண்டிக்கும் முறையை 1985ஆம் ஆண்டு இரேடியா பெர்ல்மன் என்னும் பெண்மணி டிஜிட்டல் நிறுவனத்தில் வகுத்தார். தம் முறையின் சாரத்தை அவர் ஒரு கவிதையாகவும் எழுதினார். மருத்துவத்தையும் வானநூலையும் செய்யுளிற் பாடி வைத்த தமிழ் மரபினர்க்கு இது வியப்பளிக்காது, மகிழ்ச்சியளிக்கும்.

ஏவலின் இலக்கணம்

1984ஆம் ஆண்டு டிசம்பரில் லெனார்ட் போசாக், சாண்டி லெர்னர் ஆகியோர் சிஸ்கோ நிறுவனத்தைத் தொடங்கினர். இருவரும் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கணினிப் பணி புரிந்தவர்கள். அந்நிறுவனம் 1994ஆம் ஆண்டு கல்பனாவை விலைக்கு வாங்கிற்று. சிஸ்கோவின் கட்டளை மொழியே காலப்போக்கில் இத்துறையின் பொதுவழக்குப் போலப் பரவியது. அதில் டாப்ஸ்-20 என்னும் பழைய கணினி முறைமையின் சாயலைக் காணலாம். சொல்லைப் பாதியிலே நிறுத்தி வினாக்குறி இட்டால், அடுத்து வரத்தக்க சொற்களை இயந்திரமே பட்டியலிட்டுக் காட்டும் வழக்கம் அவ்வழி வந்ததாகும்.

இம்மொழி தமிழாசிரியர்க்கு அயன்மை தோன்றும். ஆயின் உற்று நோக்கினால் பழகிய முகமே தெரியும். இதன் கட்டளைகளிற் பெரும்பாலானவை ஏவல் வினையால் தொடங்குவன. தமிழில் வினையின் பகுதியே ஏவல் ஒருமையாக நிற்கும்: நட, வா, எழுது. நன்னூலாரும் வினைப் பகாப்பதங்களை ஏவல் வடிவிலேயே எடுத்துக் காட்டினார். அதுபோலவே இங்கும் 'ஷோ' என்றால் காட்டு. 'காப்பி' என்றால் படியெடு. 'ரீலோட்' என்றால் மீண்டும் தொடங்கு. விகுதியும் இல்லை, மரியாதைப் பன்மையும் இல்லை.

ஏவுவோன் நிற்குமிடத்தையும் இம்மொழி வரையறுக்கிறது. முதலில் நுழைவோன் முன் கூர்க்குறி ஒன்று தோன்றும். அந்நிலையில் அவன் பார்க்கலாம், மாற்ற இயலாது. 'என்னேபிள்' என்று எழுதிக் கடவுச்சொல்லும் தந்தால், குறி மாறி, அதிகாரம் பெற்ற நிலை வரும். 'கான்பிகர் டெர்மினல்' என்றால் பெட்டியின் அமைப்பை மாற்றும் நிலை வரும். 'இன்டர்பேஸ்' என்று சொல்லி ஒரு துளையின் எண்ணைக் கொடுத்தால், அதன்பின் வரும் ஏவலெல்லாம் அத்துளையையே சாரும். எழுவாயை ஒருமுறை கூறிவிட்டுப் பின்வரும் தொடர்களில் அதனைத் தோன்றா எழுவாயாக விடுவது போன்ற முறை இது. அத்துளை மூடியிருந்தால் 'நோ ஷட்டவுன்' என்று திறக்க வேண்டும். மூடு என்பதன் எதிர்மறையே இங்குத் திற என்னும் பொருள் தருகிறது.

சுருக்கமும் உண்டு. 'கான்பிகர் டெர்மினல்' என்பதைக் 'கான்ப் டி' என்று எழுதினாலும் இயந்திரம் ஏற்கும். வேறு சொல்லோடு மயங்காதிருந்தால் போதும். உருபு தொக்கு நின்றும் பொருள் விளங்கும் வேற்றுமைத் தொகையை இது நினைவூட்டும். மயங்குமாயின் ஐயம் என்று சொல்லி இயந்திரம் ஏவலைத் தள்ளிவிடும். சொல் பிழைத்தால், பிழை தொடங்கிய எழுத்துக்கு நேர்கீழே ஒரு சிறு குறியிட்டுக் காட்டும். கட்டுரை ஏடு திருத்தும் ஆசிரியரின் சிவப்பு மையும் இதையே செய்கிறது.

ஆனால் இலக்கணம் சரியாயிருந்தும் பொருள் பிழைக்கும் இடம் ஒன்றுண்டு. இயந்திரம் அங்கே குறியிடாது.

ஒரு பள்ளியில் ஆசிரியர் அலுவலகக் கணினிகளையும் மாணவர் கூடத்துக் கணினிகளையும் தனித்தனியே வைக்க வேண்டும் என்று கொள்வோம். இரண்டு பெட்டிகள் வாங்க வேண்டியதில்லை. ஒரே பெட்டிக்குள் 10 என்றும் 20 என்றும் எண்ணிட்டு இரண்டு மெய்ந்நிகர்ப் பிணையங்களை அமைக்கலாம். அவற்றை விலான் என்பர். இரு கட்டடங்களிலுள்ள சுவிட்சுகளை இணைக்கும் ஒற்றைக் கம்பியில் இவ்விரண்டும் சேர்ந்தே செல்லலாம். எந்தச் செய்தி எதற்குரியது என்று அடையாளம் இடும் பொது விதி 1998ஆம் ஆண்டு வகுக்கப்பட்டது. அக்கம்பியில் எந்தெந்த விலான் செல்லலாம் என்பதற்குச் சுவிட்சில் ஓர் இசைவுப் பட்டியல் உண்டு.

பட்டியலில் முன்பே 10 உள்ளது. இப்போது 20உம் செல்ல வேண்டும். பொறுப்பாளர் 'சுவிட்ச்போர்ட் டிரங்க் அலவுட் விலான் 20' என்று எழுதுகிறார். எழுத்துப் பிழை இல்லை. இயந்திரம் மறுப்பின்றி ஏற்கிறது. மறுநொடி அலுவலகக் கணினிகள் அனைத்தும் துண்டிக்கப்படுகின்றன. ஏனெனில் அவ்வேவலின் பொருள் '20 மட்டும் செல்க' என்பதே. 20ஐச் சேர்க்க வேண்டுமாயின் எண்ணுக்கு முன் 'ஆட்' என்னும் ஒரு சொல் வேண்டும். அச்சொல் நம் இலக்கணத்தில் எச்சவும்மை செய்யும் வேலையைச் செய்கிறது. 'முருகனும் வந்தான்' என்றால், முன்பு வேறொருவன் வந்தான் என்பது தழுவப்படுகிறது. 'முருகன் வந்தான்' என்றால் தழுவப்படவில்லை. தேர்வுத் தாளில் இந்த உம்மையைத் தவறவிட்டால் ஒரு மதிப்பெண் குறையும். பிணையத்தில் தவறவிட்டால் ஓர் அலுவலகமே நின்றுபோகும். இத்துறையில் நெடுநாள் பழகியோரும் இப்பிழைக்கு அஞ்சுவர்.

பொறுப்பாளரே அந்த 10 வழியாகத் தொலைவிலிருந்து நுழைந்திருந்தால், நுனிக்கொம்பில் இருந்து அடிக்கொம்பை வெட்டியவர் ஆவார். பிழையைத் திருத்தவும் அவரால் உள்ளே செல்ல இயலாது. இதற்கு முன்னெச்சரிக்கை ஒன்றுண்டு. சுவிட்ச் தன் அமைப்பை இரண்டு இடங்களில் வைத்திருக்கும். நடப்பு அமைப்பு, சிலேட்டில் எழுதியது போன்றது. மின்சாரம் நின்றால் அழிந்துவிடும். தொடக்க அமைப்பு, பதிவேட்டில் மையால் எழுதியது போன்றது, அழியாது. சிலேட்டில் உள்ளதைப் பதிவேட்டிற்குப் படியெடுக்கத் தனிக் கட்டளை வேண்டும். அறிந்த பொறுப்பாளர் ஆபத்தான மாற்றத்திற்கு முன் 'ரீலோட் இன் 10' என்று எழுதிவைப்பார். பத்து நிமிடம் கழித்து மீண்டும் தொடங்கு என்பது பொருள். மாற்றம் நன்றாயின் அவ்வேவலை நீக்கிவிட்டுப் பதிவேட்டில் ஏற்றுவார். வாயில் அடைபட்டால் பத்து நிமிடம் பொறுத்திருப்பார். பெட்டி சிலேட்டை மறந்து பழைய பதிவேட்டோடு எழுந்துவிடும். ஜூனிப்பர் நிறுவனத்தின் கருவிகளிலோ மாற்றங்களை எழுதி முடித்து 'கமிட்' என்று உறுதிசெய்த பின்னரே அவை நடைமுறைக்கு வரும். மெய்ப்புத் திருத்திய பின்னரே அச்சேற்றுவதற்கு நிகரானது இது.

ஏவலை ஒட்டுக்கேட்போர் பற்றியும் ஒன்று கூற வேண்டும். தொலைவிலிருந்து ஏவுவதற்கு நெடுங்காலம் பயன்பட்ட டெல்நெட் என்னும் முறை, கடவுச்சொல்லையும் மறைப்பின்றியே கம்பியில் அனுப்பும். 1995ஆம் ஆண்டு பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துப் பிணையத்தில் கடவுச்சொற்கள் களவாடப்பட்டதையடுத்து, அங்குப் பணியாற்றிய தாட்டு இலோனன், சொற்களை மறைகுறியாக்கி அனுப்பும் எஸ்எஸ்எச் முறையை இயற்றினார். இன்று அதுவே ஏற்ற முறையாகக் கொள்ளப்படுகிறது.

சொல் எவர்க்கு உரியது?

சிஸ்கோவின் கட்டளைகள் பொதுவழக்காகப் பரவிய நிலையில், அச்சொற்கள் எவர்க்கு உரியவை என்னும் வினா நீதிமன்றம் ஏறிற்று. 2003ஆம் ஆண்டு சிஸ்கோ சீனாவின் ஹுவாவெய் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. கட்டளை அமைப்பைப் படியெடுத்ததும் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. அவ்வழக்கு 2004இல் முடித்துக்கொள்ளப்பட்டது. இன்றைய ஹுவாவெய்க் கருவிகளில் 'ஷோ' என்பதற்கு 'டிஸ்பிளே' என்றும், 'நோ' என்பதற்கு 'அண்டூ' என்றும் வழங்குவர். ஒரு மொழியின் வட்டார வழக்குகள் போல இவை நிற்கின்றன.

2014ஆம் ஆண்டு டிசம்பரில் சிஸ்கோ அரிஸ்டா நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கு இன்னும் கூர்மையானது. அரிஸ்டாவின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் டில்லியில் வளர்ந்த ஜெயஸ்ரீ உள்ளால். அவர் முன்பு சிஸ்கோவில் உயர்பதவி வகித்தவர். ஐந்நூற்றுக்கு மேற்பட்ட கட்டளைத் தொடர்களை அரிஸ்டா படியெடுத்தது என்பது சிஸ்கோவின் வாதம். 2016ஆம் ஆண்டு டிசம்பரில் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரத்து நடுவர் குழு இருபுறமும் நோக்கித் தீர்ப்பளித்தது. பதிப்புரிமை மீறப்பட்டது உண்மை. ஆயினும் இத்தகைய கருவிக்கு இத்தகைய சொற்கள் புறச்சூழலால் இயல்பாகவே அமைவன. எனவே இழப்பீடு இல்லை என்பது அதன் முடிவு. இரு நிறுவனங்களுக்கும் இடையே இருந்த காப்புரிமை வழக்குகள் உட்பட அனைத்தும் 2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் சமரசமாயின. அரிஸ்டா 40 கோடி அமெரிக்க டாலர் செலுத்த உடன்பட்டது.

பணம் கைமாறினும், நடுவர் குழுவின் சிந்தனை மொழியாசிரியர் மனங்கொள்ளத் தக்கது. துறைக்கென ஒரு சொல் வழக்கில் ஊன்றிவிட்டால் அதனைப் பயன்படுத்துவோர் அனைவர்க்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்னும் உணர்வை அது காட்டுகிறது.

மலேசிய மண்ணில்

மலேசியாவில் 1985ஆம் ஆண்டு தோன்றிய மிமோஸ் ஆய்வு நிறுவனம், 1987இல் பல்கலைக்கழகங்களை இணைக்கும் ரங்கோம் பிணையத்தையும், 1992இல் இணையச் சேவையான ஜாரிங்கையும் தொடங்கிற்று. ஜாரிங் பின்னாளில் மறைந்துவிட்டது. ஆயினும் நாட்டுக்கு இணைய வாயிலைத் திறந்த பெருமை அதற்கு உண்டு. தொலைத்தொடர்பு இலாகாவின் பணி 1987இல் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. மிமோஸ் தோன்றிய அதே 1985ஆம் ஆண்டில் முத்து நெடுமாறன் கணினியில் தமிழைக் காட்டும் முரசு மென்பொருளை மலேசியாவில் உருவாக்கினார். 1991ஆம் ஆண்டு வெளிவந்த யூனிகோடு எழுத்து முறையில் தமிழும் இடம்பெற்றது. ஆஸ்கியின் 128 இடங்களில் கிட்டாத இருக்கை இவ்வாறு கிட்டியது.

மலாக்காவும் இவ்வரலாற்றில் பின்தங்கவில்லை. 1996ஆம் ஆண்டு இங்குத் தோன்றிய தெலிகோம் பல்கலைக்கழகமே பின்னர் மல்டிமீடியா பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்றது. 2000ஆம் ஆண்டில் டுரியான் துங்காலில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்று அமைந்து, 2007இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. சுங்கை ரம்பாய் அமைந்த ஜாசின் மாவட்டத்திலேயே, மெர்லிமாவில், ஒரு பொலிடெக்னிக் கல்லூரி இயங்கி வருகிறது. தோட்டம் விட்டு நகரத்துக்குச் சென்றுதான் தொழிற்கல்வி பெறலாம் என்ற நிலை இவ்வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இன்றில்லை.

2005ஆம் ஆண்டு டிசம்பரில் இயங்கத் தொடங்கிய சீ-மீ-வீ 4 என்னும் கடலடி ஒளியிழைக் கம்பி கரையேறும் ஊர்களுள் மலாக்காவும் ஒன்று. கொழும்பும் சென்னையும் அதே கம்பியின் வேறு கரைகள். 1870இல் சென்னையிலிருந்து மலாயாவுக்கு ஏவலைக் கொணர்ந்த கம்பியின் வழித்தோன்றலாக இதனைக் கொள்ளலாம். ஆயின் ஒரு வேறுபாடு பெரிது. அன்றைய கம்பியின் இருமுனையிலும் அமர்ந்து சொல் அனுப்பும் உரிமை ஆட்சியாளர்க்கும் வணிகர்க்குமே வாய்த்தது. இன்றைய கம்பியின் முனையிலுள்ள பெட்டிகளை ஏவும் மொழியோ, கற்க விழையும் எவர்க்கும் திறந்தே கிடக்கிறது.

ஆயிரக்கணக்கான பெட்டிகளை நிரல்வழி ஒருங்கே ஏவும் முறைகள் இன்று பெருகியுள்ளன. எனினும் அந்நிரல்களை எழுதுவோரும், கோளாறு நேரும்போது நேரே பெட்டியின் முன் அமர்வோரும் கட்டளை வரியை அறிந்தேயாக வேண்டும். இதனைக் கற்பிக்கும் தொழிற்கல்லூரி ஆசிரியர், மாணவனிடம் எதிர்பார்ப்பன மூன்று: சொல்லைப் பிழையின்றி எழுதுதல், எந்நிலையில் நின்று ஏவுகிறோம் என்பதை அறிதல், ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் பொருள் எவ்வாறு மாறும் என்று முன்னரே எண்ணிப்பார்த்தல். இம்மூன்றையும் மாணவன் முதன்முதலில் பயிலும் இடம் கணினிக் கூடமன்று. தொடக்கப் பள்ளியின் இலக்கண வகுப்பேயாகும். 'இந்த உம்மையால் என்ன பயன்?' என்று வினவும் மாணவனுக்குத் தமிழாசிரியர் இனி இன்னுமொரு விடை கூறலாம்.

பெரட்டுக் களத்தில் நின்ற தொழிலாளி, துரையின் ஏவலில் குறையிருப்பினும் அதன் கருத்தை உணர்ந்து, வேலையைச் செம்மையாக முடித்துக் கொடுத்தான். மழை வருமென்று தெரிந்தால் தானே விரைந்தான். மரம் நோயுற்றிருந்தால் தானே விலகினான். ஏவியவரின் பிழையை ஏவப்பட்டவனின் அறிவு மூடி மறைத்தது. இரும்புப் பெட்டிக்கு அவ்வறிவு இல்லை. அது சொல்லியதைச் செய்யும், கருதியதைச் செய்யாது. ஆதலின் ஏவுவோன் தன் சொல்லுக்குத் தானே முழுப் பொறுப்பாளி ஆகிறான். தலைமுறை தலைமுறையாக ஏவல் கேட்டு வாழ்ந்தோரின் பேரப்பிள்ளைகள் இன்று ஏவும் இடத்தில் அமர்கின்றனர். அவர்கள் கையில் நாம் கொடுத்தனுப்பத் தக்கது, சொல்லை எண்ணி ஆளும் பழக்கமே.